மெகாமீட்டர் முதல் மைக்ரோமீட்டர் வரை: நீள அலகுகளைப் பிழையின்றி மாற்றும் வழி

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். பூமிக்கும் நிலவுக்கும் உள்ள சராசரித் தொலைவைச் சென்டிமீட்டரில் எழுதச் சொல்லியிருந்த ஒரு நாள், ஒரு மாணவி 38.44 என்று விடை எழுதிக்கொண்டு வந்தாள். கரும்பலகையில் கோடு போட நான் வைத்திருக்கும் ஓரடி ஸ்கேலே 30 சென்டிமீட்டர் நீளம். அதைவிட ஒரு சாண்கூட அதிகமில்லாத தூரத்தில் நிலவு வந்து நின்றிருந்தது. அவள் செய்த வகுத்தலில் ஒரு பிழையும் இல்லை. 384.4 மெகாமீட்டர் என்பதைக் குறியீட்டில் எழுதிக்கொண்டபோது, முதலில் வரவேண்டிய ஆங்கிலப் பெரிய எழுத்தான ‘எம்’ அவள் குறிப்பேட்டில் சின்ன எழுத்தாகிவிட்டது. அதனால் மெகாமீட்டர் மில்லிமீட்டர் ஆகிவிட்டது. அந்த ஓர் எழுத்து விடையை நூறு கோடி மடங்கு சுருக்கிவிட்டது.

பல ஆண்டுகளாகப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திவரும் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று, பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்கு மாற்றும்போது பெருக்கலில் தவறுபவர்கள் மிகக் குறைவு என்பதுதான். அலகை வாசிக்கும் இடத்திலும் சுழியங்களை எண்ணும் இடத்திலுமே பெரும்பாலான பிழைகள் நுழைகின்றன. ஆகவே சுழியங்களை எண்ணுவதை அடியோடு விட்டுவிட்டு, பத்தின் அடுக்குகளை மட்டும் எண்ணி, எப்போதும் மீட்டர் வழியாகவே போய்வரும் ஒரு முறையை இங்கே விளக்குகிறேன்.

மீட்டர் பிறந்த கதை இந்த முறைக்குப் பயன்படுவதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், நிலநடுக்கோட்டிலிருந்து வடதுருவம் வரை பூமியின் மேற்பரப்பில் செல்லும் தூரத்தைக் கோடிக் கூறாக்கி, அதில் ஒரு கூற்றையே மீட்டர் என்று பிரான்சில் வகுத்தார்கள். இன்று வரையறை வேறு: வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் 29,97,92,458 மீட்டர் செல்கிறது என்பதை அடிப்படையாக வைத்து 1983ஆம் ஆண்டு முதல் மீட்டர் வரையறுக்கப்படுகிறது. ஆயினும் பழைய வரையறை நம் நினைவுக்கு மிக உதவியானது. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை ஏறத்தாழ ஒரு கோடி மீட்டர், அதாவது 10,000 கிலோமீட்டர், அதாவது 10 மெகாமீட்டர் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், மூன்று அலகுகளுக்கு இடையிலான உறவும் அதனுடன் சேர்ந்து பதிந்துவிடும்.

இனி முன்னொட்டுகளுக்கு வருவோம். மீட்டர் என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் கிலோ, மெகா, மில்லி போன்றவற்றுக்குத் தனித்தனிப் பொருள் உண்டு. ஒவ்வொன்றும் பத்தின் ஓர் அடுக்கைக் குறிக்கிறது. மேல்நோக்கிப் போகும்போது கிலோ என்பது 10³, மெகா 10⁶, ஜிகா 10⁹, டெரா 10¹², பீட்டா 10¹⁵, எக்ஸா 10¹⁸. அதற்கு மேலும் முன்னொட்டுகள் உள்ளன. 2022ஆம் ஆண்டு ரோனா 10²⁷ என்றும் குவெட்டா 10³⁰ என்றும் இரண்டு புதிதாகச் சேர்க்கப்பட்டன. ஆனால் நீளக் கணக்குகளில் பீட்டாவைத் தாண்டிப் போகவேண்டிய தேவை அரிதாகவே வரும். கீழ்நோக்கி மில்லி என்பது 10⁻³, மைக்ரோ 10⁻⁶, நானோ 10⁻⁹, பிக்கோ 10⁻¹², ஃபெம்டோ 10⁻¹⁵. இவை எல்லாம் மூன்று மூன்றாக ஏறி இறங்கும் படிகள். மீட்டருக்கு மிக அருகில் மட்டும், மேலே டெகா 10, ஹெக்டோ 10² என்றும் கீழே டெசி 10⁻¹, சென்டி 10⁻² என்றும் ஒவ்வொன்றாக நகரும் சின்னப் படிகள் நான்கு இருக்கின்றன. நடைமுறையில் நாம் அதிகம் புழங்கும் சென்டிமீட்டர் இந்தச் சின்னப் படியில் நிற்பதால், மூன்று மூன்றாக எண்ணிப் பழகிய பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். சென்டிக்கு அடுக்கு −2 என்பதைத் தனியாக மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

மாற்றும் முறை ஒரே வரியில் அடங்கும். இருக்கும் அலகின் அடுக்கிலிருந்து வேண்டிய அலகின் அடுக்கைக் கழிக்க வேண்டும். வரும் விடையைப் பத்தின் அடுக்காக வைத்து, கையில் உள்ள எண்ணைப் பெருக்க வேண்டும். மீட்டருக்கு முன்னொட்டு இல்லை என்பதால் அதன் அடுக்கு 0. இது ஏன் சரியாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் சூத்திரமாக நினைவில் வைக்கவே தேவையில்லை: முதலில் கையில் உள்ள அலகை மீட்டராக்குகிறோம், அதற்கு அதன் அடுக்கால் பெருக்குகிறோம், பிறகு மீட்டரை வேண்டிய அலகாக்குகிறோம், அதற்கு அந்த அலகின் அடுக்கால் வகுக்கிறோம். பத்தின் அடுக்குகளைப் பெருக்கும்போது கூட்டுவதும் வகுக்கும்போது கழிப்பதும் எட்டாம் வகுப்பில் படித்ததுதான். தொடக்கத்தில் இந்த இரண்டு நடைகளையும் தனித்தனியே எழுதிப் பழகும்படிதான் நான் வற்புறுத்துவேன். ஜிகாவிலிருந்து மைக்ரோவுக்கு நேராகத் தாவினால் விரைவு கிடைக்கும். ஆனால் எங்கே தவறினோம் என்று திரும்பிப் பார்க்க வழி இருக்காது.

நம் பகுதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் நீட்டிப்பின் நீளம் ஏறத்தாழ 9.05 கிலோமீட்டர். இதைச் சென்டிமீட்டராக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிலோவின் அடுக்கு 3. சென்டியின் அடுக்கு −2. மூன்றிலிருந்து மைனஸ் இரண்டைக் கழித்தால் 5. ஆகவே 9.05 × 10⁵ சென்டிமீட்டர், அதாவது 9,05,000 சென்டிமீட்டர். அதே நீளத்தை மில்லிமீட்டராக்கினால் 3 − (−3) = 6, எனவே 9.05 × 10⁶, அதாவது 90,50,000 மில்லிமீட்டர். மெகாமீட்டராக்கினால் 3 − 6 = −3, எனவே 9.05 × 10⁻³, அதாவது 0.00905 மெகாமீட்டர். மைனஸ் எண்ணைக் கழிக்கும்போது அது கூட்டலாகிவிடும் என்பதை மறந்து, 3 − 2 = 1 என்று போட்டு 90.5 சென்டிமீட்டர் என எழுதுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். மெட்ரோ வழித்தடம் ஒரு மீட்டருக்கும் குறைவாக இருக்க முடியுமா என்று ஒரு கணம் நின்று கேட்டால் போதும், அந்தப் பிழை தானே தெரிந்துவிடும்.

கீழிருந்து மேலே போவதற்கும் இதே வழிதான். 1856ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இராயபுரம் நிலையம் வழியே செல்லும் அகலப்பாதையில், இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 1,676 மில்லிமீட்டர். மீட்டராக்க −3 − 0 = −3, ஆகவே 1.676 மீட்டர். மெகாமீட்டராக்க −3 − 6 = −9; 1,676 × 10⁻⁹, அதாவது 1.676 × 10⁻⁶ மெகாமீட்டர். யாரும் தண்டவாள அகலத்தை மெகாமீட்டரில் சொல்லப் போவதில்லை. ஆனால் மைனஸ் அடுக்குகளோடு பழகுவதற்கு இதைப் போன்ற கணக்கு மிக நல்லது.

விடை சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அலகு சிறிதானால் எண் பெரிதாக வேண்டும். அலகு பெரிதானால் எண் சிறிதாக வேண்டும். பூ விற்கும் அம்மாவிடம் ஒரே சரத்தை முழத்தால் அளந்தால் வரும் எண்ணைவிடச் சாணால் அளந்தால் வரும் எண் பெரிதாக இருக்கும் அல்லவா, அதே நியாயம்தான் இங்கும். அந்த முழம் கைக்குக் கை மாறும். எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் அளக்கும் மீட்டர் எங்கு போனாலும் மாறாது. 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுவதும் மெட்ரிக் முறைக்கு மாறியதன் பெரும் பயன் இதுவே என்று நான் நினைக்கிறேன்.

இனிச் சற்று நின்று பேசவேண்டிய இடம், நம் எண்ணும் முறை. நாம் ஆயிரத்துக்குப் பிறகு இரண்டிரண்டு இலக்கமாகக் காற்புள்ளி வைத்து இலட்சம், கோடி என்று எண்ணுகிறோம். முன்னொட்டுகளோ மூன்று மூன்று இலக்கமாக ஏறுகின்றன. ஆயிரத்தில், அதாவது கிலோவில், இரண்டும் ஒத்துப்போகின்றன. அதற்கு மேல் பிரிந்துவிடுகின்றன. ஒரு மெகாமீட்டர் பத்து இலட்சம் மீட்டர்; ஒரு ஜிகாமீட்டர் நூறு கோடி மீட்டர்; ஒரு டெராமீட்டர் ஓர் இலட்சம் கோடி மீட்டர்; ஒரு பீட்டாமீட்டர் பத்துக் கோடிக் கோடி மீட்டர். மெகா என்றால் இலட்சம், ஜிகா என்றால் கோடி என்று தோராயமாக மனத்தில் பதித்துக்கொண்டவர்கள், மெகாவில் பத்து மடங்கும் ஜிகாவில் நூறு மடங்கும் பிழைபடுவார்கள். கணக்குப் போடும்போது எண்களை மூன்று மூன்றாகப் பிரித்து, நடுவே காற்புள்ளி வைக்காமல் சிறு இடைவெளி மட்டும் விட்டு எழுதுங்கள். விடை வந்த பிறகு, வாசித்துக் காட்டுவதற்காக மட்டும் நம் முறையில் காற்புள்ளி இடுங்கள். எடுத்துக்காட்டாக, சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தொலைவை ஒட்டி அமைந்த வானியல் அலகு 149 597 870 700 மீட்டர் என்று 2012ஆம் ஆண்டு துல்லியமாக வரையறுக்கப்பட்டது. இடைவெளி விட்டு எழுதியதும், வலமிருந்து மூன்று கட்டங்களைத் தாண்டி 149 நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று கட்டம் என்றால் ஜிகா. ஆகவே அது ஏறத்தாழ 149.6 ஜிகாமீட்டர். அதே எண்ணை 1,49,59,78,70,700 என்று எழுதிப் பாருங்கள். பதினான்காயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது கோடியே எழுபத்தெட்டு இலட்சத்து எழுபதாயிரத்து எழுநூறு என்று வாய்விட்டுப் படிக்க அது வசதியானது. ஆனால் ஜிகா எங்கே நிற்கிறது என்பதை அது காட்டாது.

வானம் தெளிவாக இருக்கும் நாள்களில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டைத் திருவொற்றியூர், எண்ணூர் மாடிகளிலிருந்து பார்ப்பது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பேறு. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் அங்கிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம், பூமியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனை ஆராய்கிறது. இந்த எண்ணில் இலட்சம், கிலோ என்ற இரண்டு பெருக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். முதலில் 15 இலட்சத்தை 1.5 × 10⁶ என்று எழுதிக்கொள்ள வேண்டும். கிலோவுக்காக 10³ஆல் பெருக்க, 1.5 × 10⁹ மீட்டர். ஒன்பது என்பது ஜிகாவின் அடுக்கு, ஆகவே 1.5 ஜிகாமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே 149.6 ஜிகாமீட்டர் என்பதை இதனருகே வைத்துப் பார்த்தால், அந்தக் கலம் மொத்த வழியில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே சென்றிருக்கிறது என்பது வேறு கணக்கே இல்லாமல் விளங்கும். பெரிய முன்னொட்டுகளின் உண்மையான பயன் இதுதான். 15 இலட்சம் கிலோமீட்டரையும் 14.96 கோடி கிலோமீட்டரையும் ஒப்பிடுவதைவிட, ஒன்றரையையும் நூற்றைம்பதையும் ஒப்பிடுவது எவ்வளவோ எளிது.

நிலவுக்கு வருவோம். 384.4 மெகாமீட்டர் என்பது 384.4 × 10⁶ மீட்டர். தசமப் புள்ளியை இரண்டு இடம் இடப்பக்கம் நகர்த்தினால் 3.844 × 10⁸ மீட்டர். புள்ளியை எத்தனை இடம் இடப்பக்கம் நகர்த்துகிறோமோ அத்தனையை அடுக்கில் கூட்ட வேண்டும். கிலோமீட்டரில் இது 3,84,400. அந்த மாணவிக்கு வந்திருக்க வேண்டிய சென்டிமீட்டர் விடை, 6 − (−2) = 8 என்பதால் 384.4 × 10⁸, அதாவது 3.844 × 10¹⁰. இந்தத் தொலைவின் அளவை அவளுக்கு உணர்த்த, பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகைப் பயணிகள் பெட்டியை எடுத்துக்கொண்டோம். இரு முனைகளிலும் உள்ள பஃபர்களையும் சேர்த்து அதன் நீளம் 22,297 மில்லிமீட்டர், அதாவது 22.297 மீட்டர். நிலவு வரை பெட்டிகளைக் கோத்தால் எத்தனை வேண்டும்? இரண்டு நீளங்களும் ஒரே அலகில் இல்லாமல் வகுக்கக் கூடாது. இரண்டையும் மீட்டரில் வைத்து 3.844 × 10⁸ஐ 22.297ஆல் வகுக்க, ஏறத்தாழ 1.72 × 10⁷, அதாவது ஒரு கோடியே எழுபத்திரண்டு இலட்சம் பெட்டிகள். அன்றைக்குப் பிறகு அவள் மெகாவையும் மில்லியையும் குழப்பிக்கொள்ளவே இல்லை.

குறியீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலக் குறியீட்டில் பெரிய எழுத்து ‘எம்’ மெகா, சின்ன எழுத்து ‘எம்’ மில்லி. பெரிய ‘பி’ பீட்டா, சின்ன ‘பி’ பிக்கோ. முதல் இணையில் வேறுபாடு 10⁹ மடங்கு, இரண்டாவதில் 10²⁷ மடங்கு. தமிழில் சுருக்கி எழுதினாலும் இடர் தீர்வதில்லை: மெ.மீ., மி.மீ., மை.மீ. ஆகிய மூன்றுக்கும் இடையே ஓர் உயிர்க்குறி மட்டுமே வேறுபாடு. ஆகவே கிலோமீட்டரையும் சென்டிமீட்டரையும் மில்லிமீட்டரையும் தவிர மற்ற எல்லா அலகுகளையும் முழுச் சொல்லாக எழுதுமாறு என் மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

வியாசர்பாடியிலும் மாதவரத்திலும் லேத் பட்டறைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குச் சின்ன அலகுகள் புதியவை அல்ல. ஆனால் பட்டறையில் மைக்ரோமீட்டர் என்றால் அது கருவியின் பெயர். அலகை அவர்கள் மைக்ரான் என்பார்கள். அந்தப் பழைய பெயரைப் பன்னாட்டு அளவை மாநாடு 1960களின் இறுதியிலேயே கைவிட்டுவிட்டாலும், ஒரு மைக்ரான் என்பது ஒரு மைக்ரோமீட்டரேதான். சாதாரண மைக்ரோமீட்டர் கருவி காட்டும் மிகச் சிறிய அளவு 0.01 மில்லிமீட்டர். இதை மாற்ற −3 − (−6) = 3; 0.01 × 10³ = 10 மைக்ரோமீட்டர். நோட்டுத் தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரோமீட்டர் என்பதையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை என்பதையும் நினைவில் வைத்திருந்தால், கீழ்ப்படிகளில் வரும் விடைகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். மேல்படிகளுக்கும் இப்படிச் சில உண்டு. சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஒரு மெகாமீட்டரைவிடச் சற்றே அதிகம். பூமியின் விட்டம் 12.7 மெகாமீட்டர்; சூரியனின் விட்டம் 1.39 ஜிகாமீட்டர், ஓர் ஒளி ஆண்டு 9.46 பீட்டாமீட்டர்.

அடுத்துச் சொல்லப்போவதைப் பாடநூல் வேகத்தில் கடந்துபோகக் கூடாது. 9.05 கிலோமீட்டரை 90,50,000 மில்லிமீட்டர் என்று எழுதியதும், யாரோ ஒருவர் அந்த வழித்தடத்தை மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. அப்படி யாரும் அளக்கவில்லை. அலகை மாற்றுவதால் அளவின் துல்லியம் கூடிவிடாது. கடைசியில் வந்த நான்கு சுழியங்களும் இடத்தை நிரப்ப வந்தவை. நிலவின் தொலைவும் அப்படியே. அது ஏறத்தாழ 3,63,000 கிலோமீட்டரிலிருந்து 4,05,000 கிலோமீட்டர் வரை மாதந்தோறும் கூடிக் குறைவதால், சராசரியை மில்லிமீட்டரில் விரித்து எழுதுவதில் பொருளே இல்லை. 9.05 × 10⁶ மில்லிமீட்டர் என்று அடுக்கு வடிவில் எழுதினால், நமக்கு உறுதியாகத் தெரிந்தவை மூன்று இலக்கங்கள் மட்டுமே என்பது நேர்மையாகத் தெரிந்துவிடுகிறது. சுழியங்களை விரித்து எழுதாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு, எண்ணும்போது தவறும் என்பதைவிட இதுவே முதன்மையான காரணம்.

பரப்பளவுக்கு இந்த அடுக்குகளை அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது. ஒரு சதுரக் கிலோமீட்டர் ஆயிரம் சதுர மீட்டர் அல்ல, பத்து இலட்சம் சதுர மீட்டர். நீளத்திலும் அகலத்திலும் தனித்தனியே 10³ வருவதால் அடுக்கு இரண்டு மடங்காகிறது.

ஒளி ஆண்டு, வானியல் அலகு, விண்ணியல் ஆரம் (பார்செக்) ஆகியவை மெட்ரிக் முன்னொட்டுக் குடும்பத்தைச் சேராதவை. அவற்றை முதலில் மீட்டராக்கிய பிறகே மேற்சொன்ன முறை செல்லும். ஓர் ஒளி ஆண்டு 9.46 × 10¹⁵ மீட்டர், ஒரு விண்ணியல் ஆரம் 3.09 × 10¹⁶ மீட்டர். கடல்வழித் தூரத்தைச் சொல்லும் கடல் மைலும் இப்படித்தான்; காசிமேட்டுப் படகுகள் 12 கடல் மைல் தொலைவுக்குப் போனால், ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் என்பதால், அது 22,224 மீட்டர், அதாவது 22.2 கிலோமீட்டர்.

பழகிப் பார்க்க இரண்டு கணக்குகள் தருகிறேன். விடையைப் படிக்கும் முன் தாளில் போட்டுப் பாருங்கள். முதலாவது: வடசென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13.1 பாகையில் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து நாம் எத்தனை மெகாமீட்டர் தொலைவில் இருக்கிறோம், அது எத்தனை சென்டிமீட்டர்? இரண்டாவது: சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரி 4.24 ஒளி ஆண்டு தொலைவில் இருக்கிறது. அது எத்தனை டெராமீட்டர்?

முதல் கணக்கில், நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை 90 பாகைக்கு 10,000 கிலோமீட்டர் என்பதால் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர், 13.1 பாகைக்கு 1,454 கிலோமீட்டர். பாகையை மூன்று இலக்கத்தில்தான் எடுத்தோம் என்பதால் விடையையும் மூன்று இலக்கத்தில் நிறுத்தி 1,450 கிலோமீட்டர் என்போம். மெகாமீட்டருக்கு 3 − 6 = −3, ஆகவே 1.45 மெகாமீட்டர். சென்டிமீட்டருக்கு 6 − (−2) = 8, ஆகவே 1.45 × 10⁸ சென்டிமீட்டர், அதாவது பதினான்கரைக் கோடி சென்டிமீட்டர். இரண்டாவதில், 4.24ஐ 9.46ஆல் பெருக்க 40.1, அது 40.1 × 10¹⁵ மீட்டர், அதாவது 40.1 பீட்டாமீட்டர். பீட்டாவிலிருந்து டெராவுக்கு 15 − 12 = 3, ஆகவே 40.1 × 10³ டெராமீட்டர்.